பர்வதமலைக்கு ஒரு பகல்: முதன்முறை ஏறுவோருக்கான வழிகாட்டி

திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கு மேற்கே, ஜவ்வாது மலைக்கு அருகில் எழுந்து நிற்கிறது பர்வதமலை. உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில் இருப்பதால் பக்தர்கள் ஏறுகிறார்கள். ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம் என்பதால் மலையேற்றம் பழக விரும்புவோரும் ஏறுகிறார்கள். இதன் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 அடி என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள். கயிறும் கொக்கியும் கொண்டு ஏற வேண்டிய மலை அன்று. ஆனால் காலை உணவை முடித்துவிட்டுச் செருப்புடன் சும்மா போய்வரலாம் என்று நினைப்பவரை நடுவழியில் உட்கார வைத்துவிடும்.

முதன்முறை போகிறவர்கள் பொதுவாக என்ன எடுத்துப் போவது என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்குவது? தண்ணீர், சாப்பாடு, கிளம்பும் நேரம், இரவு தங்கும் ஊர் ஆகிய எல்லாமே அந்த ஒரு விடையிலிருந்து தாமாக முடிவாகின்றன என்பதால், இந்தக் கட்டுரையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் மணிக்கணக்கு

வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892இல் ஒரு எளிய கணக்கைச் சொன்னார். சமதளத்தில் நடக்கும் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதன்மேல், செங்குத்தாக ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நடை 5 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மணி நேரம் வருகிறது. ஆனால் இது குளிர்நாட்டில், பழகிய கால்களுக்காகப் போட்ட கணக்கு. நம் ஊர் வெயிலையும், முதன்முறை ஏறுபவரின் மூச்சிரைப்பையும், நாலெட்டுக்கு ஒருமுறை நிற்கும் நண்பரையும் சேர்த்துக்கொண்டு அதில் பாதியைக் கூட்டினால் மூன்றே முக்கால் மணி நேரமாகிறது. பர்வதமலையில் புதியவர்கள் பெரும்பாலும் மூன்றரை முதல் நான்கு மணி நேரத்தில் உச்சியை அடைவதைப் பார்த்திருக்கிறேன்; ஆகவே கணக்கு பொருந்தியே வருகிறது.

இறங்குவதற்குப் பாதி நேரம் போதும் என்று எண்ணுவது பெரிய தவறு. ஏறும்போது வலிப்பது நெஞ்சு. இறங்கும்போது வலிப்பது முழங்கால். நெஞ்சு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தேறிவிடும், முழங்கால் தேறாது. எனவே இறங்க மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்போது பின்னோக்கி எண்ணுவோம். தை மாதத்தில் இந்தப் பகுதியில் ஏறத்தாழ ஆறு மணிக்குச் சூரியன் மறைகிறது. யாருக்காவது கால் சுளுக்கினாலும் வெளிச்சத்திலேயே கொண்டுவந்து சேர்க்க இரண்டு மணி நேரம் கையிருப்பாக வேண்டும் என்றால், அடிவாரத்தை நான்கு மணிக்குள் தொட்டாக வேண்டும். அப்படியானால் உச்சியைவிட்டு மிகவும் தாமதமாகக் கிளம்பக்கூடிய நேரம் ஒரு மணி. ஆனால் நண்பகல் வெயிலில் பாறைமீது இறங்குவது எவ்வளவு கொடுமை என்பதை எண்ணி, நான் அந்த நேரத்தைப் பதினொரு மணி என்று வைத்துக்கொள்கிறேன். உச்சியில் ஒரு மணி நேரம், ஏறுவதற்கு நான்கு மணி நேரம் என்று கழித்தால், விடிந்தும் விடியாததுமாக ஆறு மணிக்கு முதல் படியில் கால் இருக்க வேண்டும். 

இந்தத் திரும்பும் நேரத்தைக் கூட்டத்தில் உள்ள அனைவருக்கும் அடிவாரத்திலேயே சொல்லி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். கோயிலின் மணியோசை காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு 'திரும்பிவிடலாம்' என்று சொல்லும் துணிவு யாருக்கும் எளிதில் வராது. கீழே சொல்லி வைத்திருந்தால்தான் மேலே அது செல்லுபடியாகும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

மார்கழியும் தையும் மாசியின் முற்பாதியும் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். நனைந்த பாறையில் எந்த ஷூவும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று, வழியிலுள்ள ஓடைகளும் சில நிமிடங்களில் பெருக்கெடுக்கக் கூடியவை. பங்குனி தொடங்கி வைகாசி வரை வெயில் சுடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு பாகை செல்சியஸ் குறையும் என்பது உண்மைதான் என்றாலும், வெறும் பாறை வாங்கிவைத்து வீசும் சூட்டுக்கு முன் அந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியாது.

கோடையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காய்ந்த போதைப்புல் மண்டிய சரிவுகளில் தீ மனிதரைவிட வேகமாக மேல்நோக்கி ஏறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்ததும் அதன் பிறகுதான். தீக்காலத்தில் வனத்துறை ஒரு பாதையை மூடியிருந்தால், பக்கத்து ஊர்க்காரர் வேறு வழி காட்டுகிறேன் என்று சொன்னாலும் போகாதீர்கள். பர்வதமலையிலும் மழையை முன்னிட்டும், இரவில் ஏறுவதைத் தடுக்கவும் அவ்வப்போது கட்டுப்பாடுகள் விதிக்கப்படுகின்றன. முந்தைய வாரம் யாரோ ஏறினார்கள் என்பதை நம்பாமல், புறப்படுவதற்கு முந்தைய நாள் விசாரித்துக்கொள்வது நல்லது.

பௌர்ணமி, அமாவாசை, சிவராத்திரி ஆகிய நாட்களில் பக்தர் கூட்டம் மிகுதி. பழகாதவர் அந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. காரணம் வெறும் நெரிசல் அன்று: ஒருவர் மட்டுமே கடக்கக்கூடிய இடங்களில் மேலிருந்து இறங்குபவரும் கீழிருந்து ஏறுபவரும் எதிரெதிரே வந்து நிற்கும்போது, பின்னால் இருப்பவரின் அவசரம் முன்னால் இருப்பவரின் காலை இடறச் செய்கிறது. சனி, ஞாயிறு கூடப் பரவாயில்லை. வார நாள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அன்றைக்கு வழியில் மோர்க்கடைகள் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முந்தைய இரவு

ஆறு மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும் என்பதால், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அன்று காலை கிளம்பி வருவது நடக்காது. இரவுப் பேருந்தில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டு நேராக மலையேறுபவர்கள் பாதி வழியில் சோர்ந்துவிடுகிறார்கள். திருவண்ணாமலையிலோ போளூரிலோ அறை எடுத்து ஆறு மணி நேரமாவது படுத்து உறங்குங்கள். விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையில் இரண்டு ஊர்களுமே இருக்கின்றன. அங்கிருந்து அடிவாரமான தென்மகாதேவமங்கலத்துக்கு – ஊர் வழக்கில் தென்மாதிமங்கலம் – விடியற்காலையில் ஆட்டோவோ காரோ முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கடலாடிப் பக்கமிருந்தும் ஒரு பாதை உண்டு. இரண்டும் மலையில் இணைகின்றன. புதியவர்களுக்குத் தென்மாதிமங்கலத்துப் பாதையே தக்கது, ஏனெனில் அதன் முற்பகுதியில் படிகள் இருக்கின்றன.

பையில் வைப்பது

தண்ணீர் ஒருவருக்கு மூன்று லிட்டர். மூன்று கிலோ சுமையா என்று முகம் சுளிப்பவர்கள், ஏறும்போது ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கும் மேல் வியர்வையாகப் போகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே பெரிய குப்பியாக இல்லாமல் ஒரு லிட்டர்க் குப்பிகள் மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது கணக்கு கண்ணுக்குத் தெரியும்: மூன்றாவது குப்பி இறங்குவதற்குரியது, உச்சியை அடையும்வரை அதன் மூடியைத் திறக்கக் கூடாது. இரண்டு குப்பியும் பாதி வழியில் தீர்ந்துவிட்டால், அதுவே திரும்புவதற்கான அடையாளம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் கெண்டைக்காலில் குரக்களி (தசைப்பிடிப்பு) பிடிக்கும் என்பதால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு குப்பியில் கலந்துகொள்ளுங்கள். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் என்ற அளவை மாற்ற வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோரும் இந்த வேலையைச் செய்யும், அதுவும் வழியில் கிடைத்தால்.

சாப்பாட்டில் தயிர்சாதம் நம் முதல் நினைவு. ஆனால் வெயிலில் ஐந்தாறு மணி நேரம் பையில் கிடந்தால் அது புளித்துப் பொங்கிவிடும். புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் தாங்கும். ஏறும்போது வயிறு நிறையச் சாப்பிடாமல், அரை மணிக்கு ஒருமுறை கடலைமிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் கால் துவளாது. இவற்றைப் பைக்குள் வைத்து மூடிக்கொள்ள வேண்டும். கையில் தொங்கும் பிளாஸ்டிக் உறையின் சரசரப்பு எதைக் குறிக்கிறது என்பது இங்குள்ள குரங்குகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்துக்காக இழுபறி செய்து கடி வாங்கினால், வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசியைத்தான் தவணை தவணையாகப் போட்டுக்கொள்ள நேரிடும்.

பை முதுகில் மாட்டுவதாக இருக்கட்டும். இரண்டு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது இந்த மலையில் கட்டாயம். தொப்பி, ஒரு பருத்தித் துண்டு, தலையில் மாட்டும் டார்ச், முழு சார்ஜ் ஏற்றிய கைபேசி, பஞ்சு, ஒட்டுப்பட்டை, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை – இவை போதும். டார்ச் எதற்கு, பகலில்தானே போகிறோம் என்று கேட்பவர்களுக்கு: பகலில் போவது திட்டம், டார்ச் அந்தத் திட்டம் தவறும் நாளுக்கு.

ஷூ புதிதாக இருக்கக் கூடாது. கடையிலிருந்து வந்து ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அடிப்பகுதியின் வரிகள் தேயாமலும் இருக்க வேண்டும். கால் நகங்களை முதல் நாள் ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் இறங்கும்போது விரல்கள் முன்னே மோதி மோதி நகம் கறுத்துவிடும். வேட்டி கட்டி ஏறுபவர்கள் உண்டு, மடித்துக் கட்டிக்கொண்டு அநாயாசமாகப் போகிறார்கள், ஆனால் அது பழக்கம். துப்பட்டா, சேலைத் தலைப்பு ஆகியவற்றை இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். கம்பியில் சிக்கினால் பிடியை விட்டுத்தான் அதை விடுவிக்க முடியும்.

ஏற்றம்

அடிவாரத்தில் பச்சையம்மன் கோயிலைக் கடந்து நடந்தால் படிகள் தொடங்குகின்றன. கூட்டத்திலுள்ள இளவட்டங்கள் படிகளைப் பார்த்ததும் இரண்டிரண்டாகத் தாவத் தொடங்குவார்கள். தடுத்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகம்தான் சரியான வேகம். ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று பொருள். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், வழி தெரிந்தவரும் உறுதியான காலுடையவரும் கடைசியில் வரட்டும். 

படிகள் முடிந்ததும் கரடுமுரடான பாறைப் பாதை. இங்கே உடல் முன்னே சாயாமல், பாதம் முழுவதும் பதியும்படி சிறிய எட்டுகளாக வைத்து ஏற வேண்டும். சங்க இலக்கியம் பேசும் நவிரமலை இதுவே என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். அந்த மலைக்குப் போகும் வழியைச் சொல்லும் மலைபடுகடாம் என்ற பத்துப்பாட்டின் ஆற்றுப்படை, குழிகளில் பாம்பு கிடக்கும் என்றும், நுண்ணிய பாசி அடியைத் தளரச் செய்யும் என்றும், ஆகவே மெல்லிய மூங்கில் தண்டுகளைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும் என்றும் கூத்தருக்குச் சொல்லி அனுப்புகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னும் மலைவழிகாட்டி எழுதியவரின் கவலை என் கவலையாகத்தான் இருந்திருக்கிறது. பாறை இடுக்கிலும் சருகுக்குள்ளும் பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்பது இன்றைக்கும் பொருந்தும். ஒருவேளை பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஆகிய எதுவும் வேண்டாம்; கடிபட்ட உறுப்பை அசைக்காமல், அவரை நடக்கவிடாமல் கீழே சுமந்து கொண்டுவந்து மருத்துவமனை சேர்ப்பதே மருத்துவம். 108 வாகனம் அடிவாரம் வரைதான் வரும். மீதித் தூரம் உங்கள் தோளில். நான்கு பேராவது சேர்ந்து போங்கள் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

உச்சியை நெருங்கும்போது வருவது கடப்பாறைப் படி. பர்வதமலையின் பெயரைக் கேட்டதுமே எல்லோர் நினைவிலும் வரும் இடம் இது: நிமிர்ந்து நிற்கும் பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அறைந்திருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளச் சங்கிலி தொங்குகிறது. பலரின் கைபட்டு இரும்பின் மேற்பக்கம் கண்ணாடிபோல் வழவழத்துப் போயிருக்கிறது, அடிப்பக்கம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். விரல்களை மேலே வைத்து அழுத்தாமல், கம்பியைச் சுற்றி அடிப்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் வழுக்காது. இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பிடிப்பில் இருக்க வேண்டும். ஒன்றைத்தான் நகர்த்த வேண்டும். சங்கிலி, உடலை நிலைநிறுத்திக்கொள்ள மட்டுமே. அதில் முழு எடையையும் தொங்கவிட்டால் அது பக்கவாட்டில் ஆடி உங்களைப் பாறையில் மோத வைக்கும். ஒருவர் முழுவதும் ஏறி ஓரமாக ஒதுங்கிய பிறகே அடுத்தவர் முதல் கம்பியில் கால் வைக்க வேண்டும், ஏனெனில் மேலே இருப்பவர் தவறினால் கீழே இருப்பவரையும் சேர்த்தே கொண்டுபோவார். கைபேசி பைக்குள் இருக்கட்டும். 

இதைத் தாண்டி ஏணிப்படிகளும், பாறைகளுக்கு இடையே இரும்பால் அமைத்த நடைபாதையும் வருகின்றன. உயரம் கண்டால் தலை சுற்றுபவருக்கு இவைதான் சோதனை. அவரைக் கேலி செய்து உற்சாகப்படுத்த முயலாதீர்கள். எதிரே உள்ள பாறையை மட்டும் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு எட்டுக்கும் கால் எங்கே என்று கீழிருந்து ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் பெரும்பாலோர் கடந்துவிடுகிறார்கள். முடியாது என்று ஒருமுறைக்கு இருமுறை சொல்பவரை ஒருவர் துணையுடன் அங்கேயே நிழலில் உட்கார வைத்துவிட வேண்டும். 

நான் முதன்முறை போனபோது கடப்பாறைப் படியில் ஏறவே இல்லை. பங்குனி மாதம், ஒன்பதரை மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஆளுக்கு ஒரு லிட்டர்தான் தண்ணீர். ஒரு மணி வாக்கில் அந்த இடத்துக்கு வந்து முதல் கம்பியைப் பிடித்ததும் உள்ளங்கை சுட்டுக் கையை உதறினேன். துண்டைச் சுற்றிப் பிடித்தால் வழுக்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோர்க்காரப் பாட்டி, 'இரும்பு ஆற நாலு மணி ஆகும் தம்பி, அதுவரைக்கும் தண்ணி இருக்கா?' என்று கேட்டார். இல்லை என்பதால் இறங்கிவிட்டோம். பதினொரு மணிக்கணக்கு அன்றைக்குப் போட்டதுதான்.

வானத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்னல் வெட்டியதிலிருந்து இடியோசை கேட்பதற்கு முப்பது விநாடிக்கும் குறைவாக இருந்தால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. இரும்பும் சங்கிலியும் உள்ள வெட்டவெளிப் பாறையில் இருக்கக்கூடிய மிக மோசமான நேரம் அதுதான். உடனே இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

உச்சியில்

மேலே மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் எழுந்தருளியிருக்கிறார்கள். பக்தர்கள் தாமே பூசை செய்யும் வழக்கம் இங்கு உண்டு. வெயில் ஏறியிருந்தால் கோயிலைச் சுற்றியுள்ள பாறை காலைச் சுடும், காலுறையைக் கழற்றாமல் வைத்துக்கொள்வது நல்லது. பாறை முகப்புகளில் மலைத்தேனீக்களின் அடை தொங்கலாம். அவற்றின் அருகில் புகை எழுப்புவதோ கல்லெறிவதோ உயிருக்கே உலை வைக்கும். கலைந்து வந்தால் கையை வீசி விரட்டாமல், துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அவ்விடத்தை விட்டு விரைவாக விலக வேண்டும்.

சாப்பிடுங்கள், கால்களை நீட்டி உட்காருங்கள். ஆனால் படுத்து உறங்கிவிடாதீர்கள். பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஷூவின் கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னே தள்ளி, கணுக்கால் பக்கம் இறுகும்படி மீண்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

இறக்கம்

கடப்பாறைப் படியில் முகம் பாறையைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல் பின்பக்கமாக இறங்க வேண்டும். கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து வழுக்கி இறங்க முயல்பவர்களின் பை பாறையில் இடித்து அவர்களை முன்னே தள்ளுகிறது. அதற்குப் பிறகு வரும் பாறைப் பாதையில் முழங்காலைச் சற்றே மடக்கியபடி, செங்குத்தான இடங்களில் பக்கவாட்டில் திரும்பி இறங்கினால் மூட்டின்மேல் விழும் அடி குறையும். மூங்கில் கழி ஒன்று கையிலிருந்தால் முன்னே ஊன்றி அதன்மேல் பாதி எடையைப் போடலாம்; கடப்பாறைப் பகுதிக்கு மேலே அது இடைஞ்சல் என்பதால், ஏறும்போதே அதற்குக் கீழே ஓரமாக வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். படிகள் வந்துவிட்டன என்றதும் கவனம் தளரும். தொடை நடுங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் கணுக்கால் புரளுகிறது. ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து மூன்றாவது குப்பியிலிருந்து குடித்துவிட்டு இறங்குங்கள்.

அடிவாரத்தை அடைந்ததும் தலைகளை எண்ணுங்கள். எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று காலையில் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள் அல்லவா? ஷூவைக் கழற்றுவதற்கு முன் அவரை அழைத்து, எல்லோரும் கீழே வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.